மாமியாரின் முழங்காலிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: நான், கணவர், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், 63 வயது மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. பிள்ளைகள் ஒரு ராத்திரியாவது கூடாரத்தில் தூங்க வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். 12,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். குற்றாலம் பக்கம் ஒரு தோட்டத்தில் கூடாரம் தயாராக அடித்து வைத்து, சாப்பாட்டோடு ஆளுக்கு 1,800, பிள்ளைகளுக்குப் பாதி என்கிறார்கள். என் தம்பி 9,000 ரூபாயில் ‘நான்கு பேர் கூடாரம்’ ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறான். அவனுடைய சேக்காளிகளோ, “மாஞ்சோலைக்குப் போய் எங்கேயாவது அடிச்சுப் படுங்க, செலவே இல்லை” என்கிறார்கள். ஆடி மாதம் போகலாம் என்று இருக்கிறோம். யாருக்கும் அனுபவம் கிடையாது. எது சரி?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மூன்றில் ஒன்றை உடனே கழித்துவிடலாம். மாஞ்சோலை முழுவதும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. மணிமுத்தாறு சோதனைச்சாவடியைத் தாண்டவே வனத்துறை அனுமதி வேண்டும். உள்ளே நினைத்த இடத்தில் கூடாரம் அடிப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டாலும் யானை, கரடி, சிறுத்தை நடமாடுகிற காட்டில் ஐந்து வயதுப் பிள்ளையோடு துணிச்சுவருக்குள் படுப்பது செலவில்லாத காரியமாகாது. காட்டுக்குள் ஒரு ராத்திரி தங்கித்தான் ஆகவேண்டுமென்றால், முண்டந்துறையில் இருக்கிற வனத்துறை விடுதியில் அறை கிடைக்குமா என்று அம்பாசமுத்திரம் வன அலுவலகத்தில் கேளுங்கள். அது கூடாரம் ஆகாது, ஆனால் ராத்திரி காடு எப்படிச் சத்தம் போடும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

மற்ற இரண்டுக்கும் வருமுன் ஒன்று. முகாம் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் குடும்பத்தில் யாருக்கு மிகவும் சிரமமோ அவரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் அது அத்தை. தம்பி பார்த்து வைத்திருப்பது போன்ற குவிமாடக் கூடாரங்களின் உள் உயரம் பெரும்பாலும் நான்கு, நாலேகால் அடிதான். உள்ளே நுழையவும் வெளியே வரவும் முட்டிபோட்டுத் தவழ வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழும் 63 வயதுக்காரருக்கு அதைவிடத் தண்டனை கிடையாது. அவர் தண்ணீர் குடிக்காமலே ராத்திரியை ஓட்டிவிடுவார், மறுநாள் தலைசுற்றும். ஆகவே அத்தைக்குக் கட்டில். மற்றதெல்லாம் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான்.

அந்த 9,000 ரூபாய் கூடாரத்தில் வேறு கோளாறும் இருக்கிறது. ‘நான்கு பேர்’ என்றால் நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டி, பெட்டி படுக்கை எதையும் உள்ளே வைக்காமல் படுக்கலாம் என்று அர்த்தம். ஒரு ஆளுக்கு இரண்டடி அகலம்கூட வராது. எழுதியிருக்கிற எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்வதுதான் வழக்கம். நீங்கள் ஐந்து பேர்.

இனி மாதம். ஆனி, ஆடியில் நம் பக்கம் இரண்டு விதமான வானிலை. மேற்கே தென்காசி, குற்றாலம், செங்கோட்டையில் சாரல். கிழக்கேயும் தெற்கேயும் மழை இல்லாத வெறும் மேல்காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் அந்தக் காற்று பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் வட்டாரத்தில் புதியவர்கள் அடித்த கூடாரத்தை நிற்கவிடாது. காற்றாலை நிற்கிற ஊரில் ஆடியில் கூடாரம் அடிக்காதீர்கள். ஆலையை நட்டவர்கள் காற்றை அளந்துதான் நட்டிருக்கிறார்கள். பங்குனி, சித்திரையில் காற்று இல்லை, ஆனால் கூடாரத்துக்குள் வேர்த்துக் கொட்டி யாரும் தூங்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முன்பாதி வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் தாமிரபரணி என்ன செய்தது என்பது பாளையங்கோட்டைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூடாரத்துக்கு ஏற்றது தை, மாசி. மழை ஓய்ந்து, தரை காய்ந்து, விடியற்காலை 22, 23 டிகிரிக்கு இறங்கும். சமவெளியில் முதல் கூடார ராத்திரிக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது.

அப்படியானால் பிள்ளைகள் தை வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். கூடாரம் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள், வெளியே படுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆடி முடிந்து, காற்று தணிகிற ஆவணி கடைசியிலோ புரட்டாசியிலோ, உறவினர் அல்லது தெரிந்தவர் தோட்டத்தில் ஒரு தார்ப்பாய்ப் பந்தல் போட்டுக் கொசுவலைக்குள் ஒரு ராத்திரி. இதுதான் உங்கள் பட்ஜெட்டுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற முதல் படி. நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகிற குடும்பங்கள் இப்படித்தான் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்கிப் பொங்கிச் சாப்பிட்டு வருகின்றன. எத்தனை நாள் தங்கலாம், எந்த வண்டி போகலாம் என்பதை இப்போது ஒவ்வோர் ஆண்டும் அதிகாரிகள் அறிவிக்கிறார்கள். கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளோடு முதல் ராத்திரியை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் போனால் பந்தல் கட்டுகிற கைகளைக் கவனியுங்கள்.

செலவு தோராயமாக இப்படி வரும். 12-க்கு 18 அடி தார்ப்பாய், 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) கனம், சுமார் 1,000 ரூபாய். எட்டு மில்லிமீட்டர் நைலான் கயிறு 30 மீட்டர், 400. பத்து மில்லிமீட்டர் கம்பியை ஒன்றரை அடியாக வெட்டி, ஒரு முனையை வளைத்து எட்டு ஆணி. இரும்புக் கடையிலேயே வெட்டித் தருவார்கள், 300. கொசுவலை மூன்று, 1,200. நெற்றியில் மாட்டுகிற விளக்கு இரண்டு, 800. மொத்தம் 3,700. கட்டில் தோட்டத்தில் இருக்கிற கயிற்றுக்கட்டிலோ வீட்டு மடக்குக் கட்டிலோ போதும். பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் தரையில் விரிப்பு, அதன்மேல் கோரைப்பாய். பத்தமடைப் பட்டுப்பாயை எடுத்துப் போகாதீர்கள், சாதாரணப் பாய் போதும். காற்றடைத்த மெத்தை வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் இல்லாத தரை திருநெல்வேலிச் சீமையில் அபூர்வம். விரிப்பைத் தாண்டி உள்ளே குத்தும், விடியும்போது எல்லாரும் கட்டாந்தரையில் கிடப்பீர்கள். பாய் விரிக்குமுன் அந்த இடத்தைத் தென்னை விளக்குமாறால் இரண்டு தடவை கூட்டுங்கள், பிறகு செருப்புக் காலோடு மிதித்துப் பாருங்கள்.

தோட்டக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை நகரத்துக்காரர்கள் கேட்பதே இல்லை. முதலாவது, மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வரும்? சில இடங்களில் அது நடுராத்திரியிலும் வரும். தானாக ஓடுகிற ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடும், வாய்க்காலில் தண்ணீர் பாயும், நீங்கள் படுத்திருப்பது வாழைப் பாத்தியின் ஓரமாக இருந்தால் பாய் நனையும். இரண்டாவது, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தத் தோட்டமே வேண்டாம். கயிறு கட்டித் தடுத்துவிடலாம் என்ற சமாதானம் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் செல்லாது. மூன்றாவது, பன்றிக்குக் கரண்ட் வேலி போட்டிருக்கிறதா, பக்கத்துத் தோட்டத்திலாவது? கடையம், களக்காடு மாதிரி மலையடிவாரத் தோட்டங்களில் இந்தக் கேள்வியோடு சிறுத்தை பற்றியும் கேட்க வேண்டும். முதல் தடவைக்கு அடிவாரமே வேண்டாம் என்பேன். முன்னீர்பள்ளம், சீவலப்பேரி, மூலைக்கரைப்பட்டி என்று சமவெளிப் பக்கம் பாருங்கள். கழிப்பறை, அல்லது குறைந்தது ஒரு பம்புசெட் அறை, விளக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இடம் பார்க்கும்போது தென்னைக்கும் பனைக்கும் கீழே வேண்டாம். காய் மட்டுமல்ல, ஒரு காய்ந்த மட்டை விழுந்தாலே மண்டை உடையும். வேம்பு, புளி, இரண்டும் பதினைந்து, இருபது அடி இடைவெளியில் நின்றால் போதும். ஓடையின் உள்ளோ ஆற்று மணல் திட்டிலோ ஒருபோதும் படுக்காதீர்கள். தலைக்குமேல் வானம் தெளிந்திருக்கும், மலையில் பெய்த மழை கீழே இறங்கி வரும், அல்லது அணையில் திறந்துவிட்டிருப்பார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் ஒரு பையனை அடித்துக்கொண்டுபோன வெள்ளம் அப்படி வந்ததுதான். கரையோரப் புதரில் செத்தையும் பாலிதீனும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். பழைய தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. அதைவிட மேட்டில் படுக்க வேண்டும்.

இனிப் பந்தல். இரண்டு மரத்துக்கும் நடுவே ஏழடி உயரத்தில் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். ஒரு முனையில் சாதாரண முடிச்சு, மறுமுனையில் லாரியில் சுமை கட்டும்போது போடுகிற இழுப்பு முடிச்சு. தளர்ந்தால் அவிழ்க்காமலே இழுத்து இறுக்கலாம். தார்ப்பாயை அதன்மேல் போட்டு, காற்று வருகிற பக்கத்து ஓரத்தை முழங்கால் உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். எதிர்ப்பக்கம் தோள் உயரத்தில் திறந்திருக்கட்டும். புதியவர்கள் நாலு பக்கமும் ஒரே உயரத்தில் தட்டையாகக் கட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஒரு மழைக்கு நடுவில் தொப்பை விழுந்து நாலைந்து குடம் தண்ணீர் தேங்கி, அத்தனையும் ஒரே நேரத்தில் தலையில் கொட்டும்.

தார்ப்பாய் கிழிவது எப்போதும் வளையத்தில்தான். விலை குறைந்த தார்ப்பாயின் அலுமினிய வளையம் முதல் பலத்த காற்றிலேயே பிய்ந்து வரும். அதனால் வளையத்தில் கட்ட வேண்டாம். ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே, எலுமிச்சம்பழ அளவுள்ள வழவழப்பான கூழாங்கல்லைத் தார்ப்பாயின் அடிப்பக்கம் வைத்து, மேலே மொட்டுப்போலக் கையால் பிடித்து, கல்லின் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டு இறுக்குங்கள். இழுவை ஓர் ஓட்டையில் விழாமல் துணி முழுக்கப் பரவும். எந்த இடத்தில் வேண்டுமானாலும் இப்படி ஒரு பிடி உண்டாக்கலாம். ஆணி அடிக்கும்போது தலை பந்தலை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், கயிறு மண்ணை ஒட்டிய கழுத்தில் இருக்க வேண்டும். மேலே கட்டினால் ஆணி நெம்பிக்கொண்டு வரும். செம்மண்ணில் இது நிற்கும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் எந்த ஆணியும் நிற்காது. அங்கே சிறு சாக்கில் மணலை நிரப்பி, கழுத்தில் கயிறு கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மிதிக்க வேண்டும். தேரியில் ஒரு பகுதி வனத்துறைக்குச் சொந்தம் என்பதால் அங்கேயும் நில உரிமையைக் கேட்காமல் இறங்கக்கூடாது.

மழை வந்தால் மரத்தில் வழிகிற தண்ணீர் கயிற்றின் வழியாகவே உள்ளே வரும். பந்தலுக்கு ஒரு சாண் வெளியே, கயிற்றில் ஒரு துண்டுச் சணலைத் தொங்கவிட்டுக் கட்டுங்கள். தண்ணீர் அதைப் பிடித்துக் கீழே சொட்டிவிடும். சின்ன வேலை, அத்தை படுக்கை காய்ந்திருக்கும்.

கொசுவலையைக் கொசுவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கும். வலியோ வீக்கமோ இல்லாமலே கடிபட்டு, விடியற்காலையில் வயிற்று வலி, இமை சொருகல், பேச்சுக் குழறல் என்று தெரியவரும். வலையின் ஓரத்தைப் பாய்க்கும் விரிப்புக்கும் அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும்; தொங்கவிட்டுப் படுத்தால் வலை இருந்தும் இல்லாததுபோல. சாப்பாட்டு மிச்சம் எலியைக் கூப்பிடும், எலி பாம்பைக் கூப்பிடும், அதனால் படுக்குமுன் பாத்திரத்தைக் கழுவி மூடி வண்டிக்குள் வையுங்கள். காலையில் செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் உள்ளே இருக்கும். கடிபட்டால், அல்லது பட்டிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், கட்டு இறுக்குவது, கீறுவது, பச்சிலை எல்லாம் வேண்டாம். அசையவிடாமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே செல்போனில் சிக்னல் இருக்கிறதா, ஆம்புலன்ஸ் வரப் பாதை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது இதற்காகத்தான்.

சாப்பாட்டுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். முதல் ராத்திரி புளியோதரையும் துவையலும் வீட்டிலிருந்தே போகட்டும். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், மாலைக்குள் ஊசிவிடும். தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர். டீக்கும் பாலுக்கும் குப்பி வைக்கிற கேஸ் அடுப்பு போதும். பெட்டிபோல இருக்கிற அடுப்பில் 225 கிராம் பியூட்டேன் குப்பி பக்கவாட்டில் படுத்திருக்கும். அதன்மேல் அகலமான தோசைக்கல்லையோ பெரிய அண்டாவையோ வைத்தால் சூடு குப்பி அறைக்கு மேலே விரிந்து குப்பி கொதிக்கும், வெடிக்கவும் செய்யும். காற்றை மறைக்கிறேன் என்று சுற்றிலும் தகரம் வைப்பதும் அதே ஆபத்துதான். காற்று வருகிற ஒரு பக்கம் மட்டும் மறையுங்கள். அடுப்போ கரியோ கூடாரத்துக்குள் எரியவே கூடாது. புகையே தெரியாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். காரில் ஏசியை ஓடவிட்டுப் படுப்பதும் இதே கணக்கில் சேரும். பிள்ளைகள் தீ மூட்டிக் குளிர்காய ஆசைப்பட்டால், ஒரு முழம் குழிக்குள் வேலிக்கருவை விறகை மட்டும் எரியுங்கள். பனையோலை பொறியாய்ப் பறந்து தார்ப்பாயில் உட்காரும். படுக்குமுன் தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பாருங்கள்.

குற்றாலம் பக்கத்துத் தயார் கூடாரத்தையும் ஒதுக்கவில்லை. உங்கள் கணக்குக்கு ஒரு ராத்திரி 7,200 ரூபாய். அனுபவம் இல்லாதவர்களுக்கு அது நியாயமான வழிதான், ஆனால் ஆடிச் சாரலில் அல்ல. சாரல் காலத்தில் துணி, தலையணை, தீப்பெட்டி எதுவும் காயாது. முன்பணம் கட்டுமுன் கூடாரத்தின் மேல்போர்வை தனியாக இருக்கிறதா, கூடாரம் தரையில் நிற்கிறதா மேடையில் நிற்கிறதா, உள்ளே நிமிர்ந்து நிற்க முடியுமா, கட்டில் தருவார்களா, கழிப்பறைக்கு எத்தனை தப்படி, மழையில் ரத்து செய்தால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். ராத்திரி நேரத்தில் கூடாரத்தின் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பகலில் எடுத்த படம் எல்லாக் கூடாரத்தையும் நல்லதாகவே காட்டும்.

புரட்டாசி ராத்திரி நல்லபடியாகப் போனால், தையில் கூடாரம் வாங்கலாம். மிச்சமிருக்கிற 8,300-இல் 5,000 சுற்றி ஒரு மூன்று பேர் கூடாரம். நீங்களும் பிள்ளைகளும் அதில், கணவரும் அத்தையும் பந்தலில் கட்டிலில். வாங்கும்போது இரண்டு அடுக்கா என்று பாருங்கள்: உள்ளே வலைத்துணி, வெளியே மழைப்போர்வை. ஒரே அடுக்குக் கூடாரத்தில் நம் ஈரக்காற்றுக்கு மூச்சுக்காற்றே வியர்த்து உள்பக்கம் சொட்டும், ஆட்கள் ஒழுகுகிறது என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டை போடுவார்கள். போர்வைக்கு 2,000 மில்லிமீட்டர், தரைக்கு 3,000 மில்லிமீட்டர் தண்ணீர் தாங்கும் அளவு எழுதியிருக்க வேண்டும். தையல்களின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்க வேண்டும். வெளிர் நிறம் எடுங்கள், இருட்டு நிறம் காலை ஏழு மணிக்கே அடுப்பாகிவிடும்.

முதலில் மொட்டை மாடியில் அடித்துப் பாருங்கள். ஆணிக்குப் பதில் நாலு மூலையிலும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன். ஹோஸ் பைப்பால் கால் மணி நேரம் மேலிருந்து அடித்துவிட்டு உள்ளே போய்த் தையலைத் தடவுங்கள். ஒழுகினால் திருப்பி அனுப்ப அப்போது இன்னும் நாள் இருக்கும். அடியில் விரிக்கிற தார்ப்பாயைக் கூடாரத்தின் தரையைவிட நாலு விரல் சிறிதாக மடித்துவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து நேராக உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவரும். திரும்பி வந்ததும் அலுப்பில் ஈரத்தோடு சுருட்டி அலமாரிக்கு மேலே போடாதீர்கள். பூஞ்சை பிடிக்கும், உள்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டி உரிந்துவரும், அடுத்த தைக்கு அந்த 5,000 ரூபாய் வெறும் துணி. மாடிக் கொடியில் நிழல் விழும் பக்கமாக ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, தையல் மடிப்பு காய்ந்திருக்கிறதா என்று விரலால் பார்த்துவிட்டு, இறுக்கிச் சுருட்டாமல் ஒரு பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.